பதினொன்றாம் வகுப்பு அணுப் பாடம்: முன்னால் வந்த அணு மாதிரிகள் (மாடல்கள்) எல்லாம் தப்பென்றால் எதற்குப் படிக்கணும்?

பெருமாள்மலை_பிளம்ஸ் (சனி, இரவு 8:40)

வணக்கம். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். பெருமாள்மலைப் பக்கம் பிளம்ஸும் பேரிக்காயும் போட்டிருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் குரூப். நேற்று ராத்திரி கரண்ட் போன நேரத்தில் வேதியியல் பாடத்தை என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அணு எப்படி இருக்கும் என்று டால்டன் சொன்னார், அது தப்பு. தாம்சன் சொன்னார், அதுவும் தப்பு. ரூதர்போர்டு, தப்பு. நீல்ஸ் போர், பாதி சரி பாதி தப்பு. கடைசியில் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு, "நாலு பேர் சொன்னதும் தப்புன்னா அஞ்சாவது மட்டும் எப்படிப்பா சரியா இருக்கும்? அதையும் நாளைக்கு ஒருத்தர் தப்புன்னு சொல்லுவார். அப்புறம் எதுக்கு இதை மனப்பாடம் பண்ணணும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மார்க்குக்காகப் படி என்று சொல்ல வாய் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. தாம்சன் மாதிரிக்கு "பிளம் புட்டிங்" என்று பேர் இருக்கிறதாம். நம் பழமாயிற்றே என்று ஆசையாகப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். படத்தில் பிளம்ஸையே காணோம். தர்பூசணியை அறுத்து வைத்த மாதிரி ஏதோ இருக்கிறது.

வத்தலக்குண்டு_வாசு (சனி, இரவு 8:52)

பாப்பாவுக்கு என் ஓட்டு. நானும் இதையே கேட்டுத்தான் காமர்ஸ் குரூப்புக்கு ஓடினேன்.

டியூஷன்_அக்கா (சனி, இரவு 9:15)

அண்ணே, கொடைக்கானலில் பன்னிரண்டு வருடமாக வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வரும். நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது: அந்த நாலு மாதிரியையும் பாடத்திலிருந்து தூக்கிவிடலாம். சூரியனைக் கோள்கள் சுற்றுகிற மாதிரி எலக்ட்ரான் சுற்றும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு படம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. பதினொன்றில் வந்து "பாதையே கிடையாது, ஆர்பிட்டால்தான், அதாவது எலக்ட்ரான் அகப்பட வாய்ப்புள்ள இடம்தான்" என்று நான் தொண்டை வறளச் சொன்னாலும் பரீட்சைத் தாளில் வட்டம்தான் போடுகிறார்கள். நேராகக் கடைசியையே சொல்லிக்கொடுத்தால் என்ன? பூமி தட்டை என்று ஒரு வருடம் நடத்திவிட்டா உருண்டை என்று நடத்துகிறோம்?

பழைய_வாத்தியார் (சனி, இரவு 10:30)

டீச்சரம்மா, வட்டம் போடுகிற விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. முப்பது வருடம் நானும் அந்த வட்டங்களைத் திருத்தினேன். ஆனால் மாதிரிகளைத் தூக்கிவிட்டால் அந்தப் பாடத்தில் மிச்சம் என்ன? எந்த வகை ஆர்பிட்டாலில் எத்தனை எலக்ட்ரான் என்ற பட்டியல்தான்: எஸ்-இல் 2, பி-இல் 6, டி-இல் 10. அதை ஏன் நம்பணும் என்று பிள்ளை கேட்டால் நீங்களும் நானும் கூரையைத்தான் பார்க்கணும்.

பெருமாள்மலைத் தம்பி, உங்கள் மகளின் கோபம் நியாயமானது. ஒருவர் சொன்னார், அடுத்தவர் எழுந்து தப்பென்றார் என்று பட்டிமன்றம் போலப் பாடத்தை எழுதிவைத்தால் அப்படித்தான் தோன்றும். நடந்த கதை வேறு. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓர் அளவு, ஓர் எண் பொருந்தாமல் போனது. வாயால் யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை.

தாம்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897-இல் கேம்பிரிட்ஜில் கேதோடு கதிரை (காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்மின் தகட்டிலிருந்து வரும் கதிர்) மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, அதில் வரும் துகளின் மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். குழாய்க்குள் எந்த வாயுவை அடைத்தாலும், தகட்டுக்கு எந்த உலோகத்தைப் போட்டாலும் ஏறத்தாழ ஒரே எண். எல்லா அணுவுக்குள்ளும் ஒரே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். பிளக்கவே முடியாது என்று டால்டன் 1800-களின் தொடக்கத்தில் சொன்ன குண்டு அங்கே உடைந்தது. உடைந்தது என்றா சொன்னேன்? வேதியியல் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது டீச்சரம்மாவின் பிள்ளைகள் இன்றைக்கும் டால்டனின் குண்டுகளைத்தான் எண்ணுகிறார்கள். தண்ணீருக்கு ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. அந்த வேலைக்கு எலக்ட்ரானைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

சரி, அந்தத் துகள்தான் எலக்ட்ரான். அது எதிர்மின்சுமை உள்ளது, அணுவோ மொத்தத்தில் மின்சுமை இல்லாதது. அப்படியானால் நேர்மின்சுமை எங்கேயோ இருந்தாகணும். அது ஓர் உருண்டை முழுக்கப் பரவியிருக்கிறது, அதற்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுற்றுகின்றன என்று 1904-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆமாம், சுற்றுகின்றன. தர்பூசணி விதை மாதிரி சும்மா கிடந்ததெல்லாம் நம் புத்தகப் படத்தில்தான்.

அந்த உருண்டைக்கு எடை இல்லை என்று வைத்துக்கொண்டால், அணுவின் எடை முழுவதையும் எலக்ட்ரானை வைத்தே நிரப்பணும். ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கே ஆயிரக்கணக்கில் தேவைப்படும். 1906-இல் அவரே உட்கார்ந்து மூன்று வழியில் எண்ணிப் பார்த்தார்: வாயுக்கள் ஒளியை எப்படிப் பிரிக்கின்றன, எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறது, பீட்டா கதிர் எப்படி உறிஞ்சப்படுகிறது என்று. மூன்றிலும் அணு எடை எவ்வளவோ சுமாராக அந்த அளவுக்குத்தான் எலக்ட்ரான் என்று வந்தது. ஹைட்ரஜனுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு. அப்போது எடை எங்கே போயிற்று? ரூதர்போர்டு வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, தாம்சன் கையாலேயே தாம்சனின் உருண்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. இதை எந்தப் பாடத்திலும் எழுத மாட்டார்கள்.

கண் எரிகிறது, மீதி நாளைக்கு.

பெருமாள்மலை_பிளம்ஸ் (ஞாயிறு, காலை 6:10)

சார், காலையில் மகளுக்குப் படித்துக் காட்டினேன். "அவரே தப்பு கண்டுபிடிச்சாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அந்தப் பிளம்ஸ் விஷயம் மட்டும் யாரும் சொல்லவில்லையே.

மன்னவனூர்_மேகம் (ஞாயிறு, காலை 9:05)

அண்ணே, நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடம். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும், அந்தப் புட்டிங்கில் நம்ம பிளம்ஸ் கிடையாது. அது இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு அவிக்கிற பலகாரம். பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சைக்கும் பிளம் என்றுதான் பேர். மாவு உருண்டைக்குள் திராட்சை பதிந்திருக்கும், அவ்வளவுதான். தாம்சன் வைத்த பேரும் இல்லை அது, மற்றவர்கள் ஒட்டியது.

வத்தலக்குண்டு_வாசு (ஞாயிறு, காலை 9:11)

கேசரியில் முந்திரி என்று சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். நானும் விஞ்ஞானி ஆகியிருப்பேன்.

பெருமாள்மலை_பிளம்ஸ் (ஞாயிறு, காலை 9:30)

அப்படியானால் நிஜப் பிளம்ஸ் ரூதர்போர்டு மாதிரிக்கு ஒத்துவருமே? சுற்றிலும் சதை, நடுவில் ஒரே ஒரு கொட்டை.

பழைய_வாத்தியார் (ஞாயிறு, காலை 11:20)

அருமையாகப் பிடித்தீர்கள். ஆனால் உங்கள் பழத்தில் கொட்டை ரொம்பப் பெரிசு. எவ்வளவு பெரிசு என்பதைத்தான் சொல்லணும்.

மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடம், 1909. கைகர் என்பவரும், மார்ஸ்டன் என்கிற இருபது வயதுப் பட்டப்படிப்பு மாணவரும். கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாகப் பாயும், நேர்மின்சுமை உள்ள ஆல்பா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின் மேல் விடுகிறார்கள். சிதறி வரும் ஒவ்வொரு துகளும் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் மோதும்போது ஒரு பொட்டு வெளிச்சம் வரும். அதை நுண்ணோக்கி வழியாகக் கண்ணால் பார்த்து எண்ணணும். இன்றைக்கு மாதிரி எண்ணுகிற மின்கருவி கிடையாது. அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகுதான் அந்தப் பொட்டே தெரியும்.

நேர்மின்சுமை கேசரி மாதிரி பரவிக்கிடந்தால் ஆல்பா லேசாகச் சாயும், அவ்வளவுதான். திரும்பி வர வழியே இல்லை. ஆனால் சுமார் 8000-க்கு ஒன்று திரும்பி வந்தது. ரூதர்போர்டு இரண்டு வருடம் இதை மனதில் போட்டு உருட்டி, 1911-இல் கணக்கை வெளியிட்டார்: அணுவின் எடையும் அந்த மின்சுமையும் நடுவில் மிகச் சின்ன இடத்தில் அடைந்திருக்கின்றன. அதோடு விடவில்லை. எந்தக் கோணத்தில் எத்தனை துகள் சிதறும், தகடு தடித்தால் என்ன ஆகும், துகளின் வேகம் மாறினால் என்ன ஆகும் என்று அவர் கணக்கு முன்கூட்டியே சொன்னது. கைகரும் மார்ஸ்டனும் ஒரு லட்சத்துக்கும் மேல் பொட்டுகளை எண்ணி 1913-இல் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார்கள். ஒரு லட்சம்! நம் பிள்ளைகள் ஊசல் சோதனையில் இருபது அலைவு எண்ணுவதற்குள் முகம் சுளிக்கிறார்கள்.

இப்போது உங்கள் கொட்டை. தங்க அணுவின் குறுக்களவில் அதன் கரு ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நம்ம கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் நடைபாதை 1 கி.மீ. நீளம். தங்க அணுவை அந்த நீளத்துக்கு ஊதிவிட்டால் கரு 5 செ.மீ. வரும். அதாவது, நடுவில் எங்கேயோ ஒரு பிளம்ஸ் பழம். கிட்டத்தட்ட எடை முழுவதும் அந்தப் பழத்தில். டிக்கெட் வாங்கி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாலும் பழம் காலில் தட்டுப்படாது. எதிலும் முட்டாமல் போன ஆல்பாக்களின் கதி அதுதான்.

வத்தலக்குண்டு_வாசு (ஞாயிறு, காலை 11:26)

மே மாதமாக இருந்தால் சுற்றுலா வந்தவன் எவனாவது அந்தப் பழத்தைத் தின்றிருப்பான். அணு காலி.

மன்னவனூர்_மேகம் (ஞாயிறு, மதியம் 12:15)

வாத்தியார் சாருக்கு இரண்டு சின்னச் சேர்க்கை. எல்லாரும் "தங்கத் தகடு, 8000-க்கு ஒன்று" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த 1909 எண் பிளாட்டினத்தில் எடுத்தது. அந்தச் சோதனையில் தங்கமும் இருந்தது, ஈயமும் அலுமினியமும்கூட இருந்தன. இரண்டாவது, 1911 கட்டுரையில் நடுவில் இருப்பது நேர்மின்சுமையா எதிர்மின்சுமையா என்று ரூதர்போர்டு முடிவுகட்டவில்லை. எதுவாக இருந்தாலும் என் கணக்கு மாறாது, வசதிக்காக நேர் என்று வைத்துக்கொள்கிறேன் என்றுதான் எழுதினார். தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவைத்தார். அந்த இடம்தான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம்.

முன்தோன்றி (ஞாயிறு, மதியம் 2:40)

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவீர்கள். அணு என்ற சொல் நம் செய்யுள்களில் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது!

பழைய_வாத்தியார் (ஞாயிறு, மதியம் 3:05)

இருக்கிறது, எனக்கும் பெருமைதான். வைசேஷிகம் என்ற பழைய இந்தியத் தத்துவத்திலும் இருக்கிறது, கிரேக்கர்களிடமும் இருந்தது. அவர்கள் எவரும் 8000-க்கு ஒன்று என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துப் பொய்யாக்க வழியிருந்தால்தான் அதை மாதிரி என்போம். இதற்கு மேல் இந்தப் பக்கம் போகவேண்டாம், இழை நூறு பக்கம் ஓடிவிடும்.

மட்டுறுத்துநர் (ஞாயிறு, மதியம் 3:20)

வழிமொழிகிறேன். அடுத்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

டியூஷன்_அக்கா (ஞாயிறு, மாலை 6:45)

வாத்தியார் சார், நீங்கள் என் கட்சியைப் பாதி கரைத்துவிட்டீர்கள். ஆனால் ரூதர்போர்டில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஏன் உள்ளே விழக்கூடாது என்று கேட்டால், "போர் வந்து தடுத்தார்" என்று எழுதுகிறார்கள். போக்குவரத்துக் காவலர் மாதிரி.

மன்னவனூர்_மேகம் (ஞாயிறு, இரவு 7:30)

அக்கா, சிரித்துவிட்டேன். மின்சுமை உள்ள பொருள் வட்டத்தில் சுற்றினால் ஒளியாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கணும். அது மாக்ஸ்வெல் காலத்து மின்காந்தவியல். கணக்குப் போட்டால், ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிப் பங்கு போட்டு அதில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் ஹைட்ரஜனின் எலக்ட்ரான் சுருண்டு கருவில் விழுந்துவிடணும். இந்த இழையை யாரும் படித்துக்கொண்டிருக்க முடியாது. இது ஒரு தலைவலி. இன்னொரு தலைவலி அதைவிடப் பழையது, நிறமாலைக் கோடுகள், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகள். அதை வாத்தியார் சொல்லட்டும். அவர் வீடு அப்சர்வேட்டரி பக்கம்தானே.

பழைய_வாத்தியார் (ஞாயிறு, இரவு 9:50)

நடந்துபோகிற தூரம்தான். அதனால்தான் இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

ஹைட்ரஜனைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் வரும் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்காது. குறிப்பிட்ட நாலு கோடுகள் கண்ணுக்குத் தெரியும்: 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர். ஏன் இந்த எண்கள்? 1885-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பால்மர் என்று ஒருவர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வயது அறுபது. இயற்பியல் அவர் தொழில் இல்லை. எண்களோடு விளையாடிப் பார்த்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். 364.56 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3-இன் வர்க்கம் 9, அதில் 4 கழித்தால் 5. 364.56-ஐ 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 656.2. அடுத்து 4: வர்க்கம் 16, 4 கழித்தால் 12. பெருக்கி வகுத்தால் 486.1. அப்புறம் 5, 6. செல்போன் கால்குலேட்டர் போதும், உங்கள் மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. நாலும் வரும். ஏன் வருகிறது என்று பால்மருக்கும் தெரியாது, அடுத்த இருபத்தெட்டு வருடம் வேறு யாருக்கும் தெரியாது.

1913-இல் நீல்ஸ் போர் கண்ணில் இந்தச் சூத்திரம் பட்டது. எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் படிகளில் மட்டுமே இருக்க அனுமதி, படியில் இருக்கும்வரை ஒளி விடாது, மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வரும்போது அந்த வித்தியாசம் ஒளியாக வரும் என்றார். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்தால் 656.3, அந்தச் சிவப்பு. பால்மரின் 3, 4, 5, 6 எல்லாம் படி எண்கள்! பால்மரின் அந்த 364.56-ஐயும் எலக்ட்ரானின் நிறை, மின்சுமை, பிளாங்க் மாறிலி இவற்றை வைத்தே கணக்கிட்டு எடுத்தார். ஏன் அனுமதி என்று கேட்டால் போரிடம் அப்போது பதில் இல்லை. டீச்சரம்மா, அந்தக் காவலர் பதில் அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. அங்கே 1912-இலிருந்து சூரியனை அந்த 656.3 சிவப்பு ஒளியில் மட்டும் படமெடுத்தார்கள். போர் எழுதியது 1913. அதாவது, அந்த நிறம் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதபோதே அதை வைத்து இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கும் முன்னால், கைகரும் மார்ஸ்டனும் இருட்டில் பொட்டு எண்ணிய அதே 1909-இல், இங்கே எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளியின் நிறமாலையில் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதைப் பார்த்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் பேர். அணுவுக்குக் கரு இருக்கிறது என்பதே தெரியாத வருடம் அது.

மன்னவனூர்_மேகம் (ஞாயிறு, இரவு 10:20)

சார், இதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ராய்ட்ஸ்!

ஆல்பா துகள் என்றால் என்ன என்றே முதலில் தெரியாது. அது ஹீலியம்தான் என்று நிரூபித்தது ரூதர்போர்டும் தாமஸ் ராய்ட்ஸும், 1908-09 வாக்கில் மான்செஸ்டரில். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை ஊதச்செய்தார்கள். அதற்குள் ஆல்பாவை வெளிவிடும் ரேடான் வாயு. ஆல்பா மட்டும் அந்த மெல்லிய சுவரைத் துளைத்து வெளியே உள்ள வெற்றிடக் குழாய்க்குள் வரும். சில நாள் கழித்து அங்கே சேர்ந்ததில் மின்பொறி விட்டால் ஹீலியத்தின் மஞ்சள் கோடு! சும்மா கசிந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் வரக்கூடாதென்று, உள்குழாயில் வெறும் ஹீலியத்தையே அடைத்தும் பார்த்தார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை.

அந்த ராய்ட்ஸ் 1911-இல் கப்பல் ஏறி நேராக நம்ம கொடைக்கானலுக்கு வந்தார். முதலில் உதவி இயக்குநர், எவர்ஷெட்டுக்குப் பிறகு 1923-இலிருந்து 1937 வரை இயக்குநர். ரூதர்போர்டின் பக்கத்தில் நின்று ஆல்பாவைப் பிடித்த கை, இருபது வருடத்துக்கும் மேல் இந்த மலையில் சூரியக் கோடுகளை அளந்தது. பத்தாவது படிக்கும்போது இது எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனை தடவை அந்த கேட்டுக்கு முன்னால் போய் நின்றிருப்பேன்!

பெருமாள்மலை_பிளம்ஸ் (ஞாயிறு, இரவு 10:41)

அந்த வழியாக ஆயிரம் தடவை ஜீப் ஓட்டியிருக்கிறேன் தம்பி. சுற்றுலா வந்தவர்களிடம் "இது சூரியனைப் பார்க்கிற இடம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

டியூஷன்_அக்கா (திங்கள், இரவு 8:30)

சரி, ஒப்புக்கொள்கிறேன். மோஸ்லியை நினைத்தால் எனக்கே வாய் அடைக்கிறது. 1913, 14-இல் தனிமங்களின் எக்ஸ் கதிர்க் கோடுகளை அளந்து, போர் சொன்ன படிக்கணக்கை வைத்தே அணு எண்ணுக்கு (கருவில் எத்தனை அலகு நேர்மின்சுமை என்ற எண்) உயிர் கொடுத்தவர். 43, 61, 75 என்று எங்கெங்கே தனிமம் விட்டுப்போயிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். தப்பென்று நாம் தள்ளுகிற போர் மாதிரி இல்லாவிட்டால் என் தனிம வரிசை அட்டவணைப் பாடமே ஆடிப்போகும். 1915-இல் கலிப்போலிப் போரில் இறந்தபோது அவருக்கு வயது 27.

ஆனாலும் போர் மாதிரி ஹீலியத்திலேயே தடுக்கி விழுந்தது. இரண்டே எலக்ட்ரான், கணக்கு வரவில்லை. எனவே ஆர்பிட்டாலுக்கு வந்தே ஆகணும். நான் வகுப்பில் சொல்வது: கோக்கர்ஸ் வாக்கில் மேகம் இறங்கி மூடிக்கொள்கிறதே, அந்த மாதிரி எலக்ட்ரான் கருவைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. இது சரிதானே?

மன்னவனூர்_மேகம் (திங்கள், இரவு 9:10)

என் பேரே மேகம், ஆனாலும் மறுக்கிறேன் அக்கா. மேகத்தில் நீர்த்துளி நிஜமாகவே எல்லா இடத்திலும் இருக்கிறது. 1926-இல் சமன்பாட்டை எழுதிய ஷ்ரோடிங்கரும் முதலில் எலக்ட்ரானின் மின்சுமை அப்படித்தான் பரவியிருக்கிறது என்று நினைத்தார். அதே வருடம் மாக்ஸ் பார்ன் வேறு விதமாகப் படித்தார்: அந்தச் சமன்பாட்டில் வரும் அலை சொல்வது, எலக்ட்ரான் எங்கே அகப்பட வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டும். தேடினால் எலக்ட்ரான் முழுசாக ஓர் இடத்தில்தான் அகப்படும். பாதி இங்கே, கால்வாசி அங்கே என்று யாரும் பிடித்ததில்லை.

பெருமாள்மலை_பிளம்ஸ் (திங்கள், இரவு 9:25)

காட்டுமாடு மாதிரியா? தோட்டத்தில் சாணத்தையும் குளம்படியையும் பார்த்தால் அது அதிகம் எங்கே வரும், எங்கே வராது என்று சொல்லிவிடலாம். வாய்க்கால் பக்கம் எப்போதும் வரும், வீட்டு வாசலுக்கு எப்போதாவது. ஆனால் இருட்டில் எதிரே வந்து நின்றால் முழு மாடும் ஓர் இடத்தில்தான் நிற்கும். அனுபவத்தில் சொல்கிறேன், பாதி மாடெல்லாம் நிற்காது.

டியூஷன்_அக்கா (திங்கள், இரவு 9:28)

அண்ணே, இதை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். சாணப் படம்தான் ஆர்பிட்டால்!

பழைய_வாத்தியார் (திங்கள், இரவு 10:00)

தம்பி, என் முப்பது வருடத்தில் இப்படியோர் உவமை எனக்குச் சிக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் உதைக்கும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள் டீச்சரம்மா. நீங்கள் பார்க்காத நேரத்திலும் மாடு ஏதோ ஒரு வழியில் நடந்துதான் வாய்க்காலுக்கு வந்திருக்கும். எலக்ட்ரானுக்கு அப்படி ஒரு தடம் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. இடத்தையும் உந்தத்தையும் (நிறையை வேகத்தால் பெருக்கியது) ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை என்று ஹைசன்பர்க் 1927-இல் காட்டினார். கருவி மட்டமாக இருப்பதால் வரும் குறை அல்ல அது. வட்டம் போடுகிற பிள்ளைக்கு ஏன் மார்க் குறைக்கிறோம் என்பது இங்கேதான் இருக்கிறது.

வத்தலக்குண்டு_வாசு (திங்கள், இரவு 10:12)

எலக்ட்ரானைத் துகள் என்று காட்டி அப்பா தாம்சன் 1906-இல் நோபல் வாங்கினாராம், அது அலை என்று காட்டி மகன் தாம்சன் 1937-இல் நோபல் வாங்கினாராம். இப்போதுதான் தேடிப் படித்தேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்க்கிறேன்.

மன்னவனூர்_மேகம் (திங்கள், இரவு 10:20)

இன்னொன்றும் படியுங்கள் வாசு அண்ணே. ஷ்ரோடிங்கர் 1925 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆல்ப்ஸ் மலையில் ஆரோசா என்ற ஊரில் தங்கியிருந்தபோதுதான் அந்தச் சமன்பாட்டில் இறங்கினார். மலையேறினால் ஏதாவது தோன்றும் போலிருக்கிறது. நீங்கள் வத்தலக்குண்டிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

டியூஷன்_அக்கா (செவ்வாய், மாலை 5:40)

கருவில் புரோட்டான் என்ற நேர்மின் துகளோடு இருக்கும், மின்சுமை இல்லாத நியூட்ரானை எல்லாரும் மறந்துவிட்டோம். 1932, சாட்விக். அதுவரை கருவுக்குள்ளேயும் எலக்ட்ரான் இருக்கிறது என்றுதான் பெரிய பெரிய ஆட்களே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நைட்ரஜனுக்கு 14 புரோட்டான், 7 எலக்ட்ரான், ஆக மொத்தம் 21. ஆனால் நிறமாலையில் நைட்ரஜனின் கரு இரட்டைப்படைத் துகள்களால் ஆனது மாதிரி நடந்துகொண்டது. 7 புரோட்டான், 7 நியூட்ரான் என்றதும் 14, சரியாகிவிட்டது. பாருங்கள், இங்கேயும் ஓர் எண்தான். வாத்தியார் சாரின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

பெருமாள்மலை_பிளம்ஸ் (புதன், இரவு 8:15)

மகள் பால்மர் கணக்கை நோட்டில் போட்டாள். 3, 4, 5, 6 நாலும் வந்துவிட்டன. அதோடு நிறுத்தவில்லை, 7 போட்டுப் பார்த்திருக்கிறாள். 49-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்து 396.97 என்று வருகிறது. "சார் நாலு கோடுதானே சொன்னார், இது நிஜமா இருக்கா, இல்ல சூத்திரம் சும்மா சொல்லுதா? சூரியன்ல தெரியுமா?" என்று கேட்கச் சொன்னாள்.

பழைய_வாத்தியார் (புதன், இரவு 8:50)

அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், பால்மர் செய்ததும் அதையேதான். நாலு கோட்டை வைத்துச் சூத்திரம் எழுதிவிட்டு 7-க்குப் போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு கோடு இருப்பது அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்திலிருந்த நண்பரிடம் சொன்னபோது, அதை ஏற்கெனவே அளந்துவிட்டார்கள், உங்கள் எண்ணோடு ஒத்துப்போகிறது என்றார் அவர். கண்ணுக்குத் தெரிவதன் விளிம்பு அது, ஊதாவின் கடைசி.

சூரியனில் பார்ப்பது கஷ்டம். சரியாக அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, 396.8-இல், கால்சியத்தின் அகலமான கருப்புக் கோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஹைட்ரஜனின் ஏழு அதன் நிழலில் ஒதுங்கிவிடும். அந்தக் கால்சியத்துக்கு 393.4-இல் ஒரு ஜோடிக் கோடு உண்டு. கொடைக்கானலில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்தது அந்த ஒளியிலும்தான். சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் கூட வருகிறேன்.

பெருமாள்மலை_பிளம்ஸ் (புதன், இரவு 9:02)

வருகிறோம் சார். ஆனால் மூன்று நாளாக இங்கே ஒரே மூட்டம், சூரியனையே காணோம். அன்றைக்குத் தெளிந்திருந்தால் பார்க்கலாம். ஒரு கூடை பேரிக்காய் எடுத்து வைத்திருக்கிறேன். பிளம்ஸ் சீசன் முடிந்துவிட்டது.